ஓவிய நண்பருடன் ஊட்டியில் ஒரு உறைபனி நாள்: கூடப் போகிறவருக்கான முழுமையான வழிகாட்டி

வெளியில் உட்கார்ந்து படம் வரைவது எப்படி என்று ஓவியர்களுக்குச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். கூடப் போகிறவருக்குத்தான் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஜனவரியில் ஊட்டி உறைபனியை வாட்டர்கலரில் வரைய ஒரு நண்பர் கிளம்புகிறார், "நீயும் வாயேன்" என்கிறார். நீங்கள் பிரஷ் பிடிக்கத் தெரியாதவர். அந்த நிலையில் இருப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். அன்றைய நாளை ஓட்டுவது கடிகாரம் இல்லை, ஈரக் காகிதம். காகிதம் ஈரமாக இருக்கும்போது நண்பர் உங்களுடையவர் இல்லை, காயும்போது உங்களுடையவர். குளிரில் காய்வதற்கு நேரமாகும் என்பதால் உண்மையில் பேச நிறைய நேரம் கிடைக்கும். அந்த நேரம் எப்போது வரும் என்று தெரியாமல் இடையில் புகுவதுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு.

1. கிளம்புமுன் நண்பரிடம் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி, எந்த ஊடகம்? வாட்டர்கலர் என்றால் தண்ணீரும் காகிதம் காய்வதும் பிரச்சினை. அக்ரிலிக் என்றால் அதிகாலையில் வேண்டாம் என்று நீங்களே சொல்லலாம். ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே அது சரியான படலமாக இறுகாது, பிற்பாடு பொடியும். ஆயில் என்றால் படம் அன்று காயவே காயாது, ஈரப் படத்தைத் தூக்கிவர மூடியுள்ள பெட்டி தேவை. இங்கே நான் சொல்வது வாட்டர்கலருக்கு. பென்சில், மை என்று வருகிறவருடன் போனால் பாதித் தொல்லை இல்லை.

இரண்டாவது, எத்தனை படம்? "முடிந்தவரை" என்று பதில் வந்தால் விடாதீர்கள். காலையில் ஒன்று, வெயிலில் ஒன்று, மாலையில் சின்னதாக ஒன்று. ஒரு நாளைக்கு அவ்வளவுதான் நிதானமாக வரும். நான்கு ஐந்து என்று திட்டம் போட்டால் இடத்துக்கு இடம் ஓடுவதிலேயே வெளிச்சம் போய்விடும்.

மூன்றாவது, வரையும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் பரவாயில்லையா, தள்ளி இருக்க வேண்டுமா? இதை முன்கூட்டியே கேட்டால் சாதாரணக் கேள்வி. அந்த இடத்தில், பனியில், பிரஷ் கையில் இருக்கும்போது கேட்டால் நச்சரிப்பு.

2. நாளைத் தேர்ந்தெடுப்பது

உறைபனிக்கு வெறும் குளிர் போதாது. வானம் தெளிவாக இருக்க வேண்டும், காற்று அடிக்கக் கூடாது. இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல அந்தச் சூட்டைத் திருப்பி அனுப்பிவிடும். காற்று அடித்தால் மேலே உள்ள சற்றே வெதுவெதுப்பான காற்று கீழே கலந்து தரையைக் குளிரவிடாது. அதனால்தான் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் இருக்கும் நாட்களில் நடுங்க நடுங்கப் போய் நின்றாலும் புல்லில் வெள்ளை இருப்பதில்லை. ஜனவரி நம்பகமானது.

குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் வந்து தேங்கும். எனவே உயரமான காட்சிமுனைகளைத் தேடாதீர்கள். தொட்டபெட்டா உச்சிதான் அதிகக் குளிர், அங்கேதான் பனி என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறைய. வெள்ளை படிவது தாழ்வான புல்வெளிகளில்: காந்தல் பகுதி, தாவரவியல் பூங்காவின் புல்தரை, கூடலூர் சாலையில் தலைக்குந்தா.

பொங்கல் விடுமுறை, சனி, ஞாயிறு மூன்றையும் தவிருங்கள். கூட்டம் பனியை மிதித்துவிடும். மிதித்த புல்லில் வெள்ளை போய்க் கரும்பச்சைத் தடம் விழும், அந்தக் காலையில் அது திரும்பி வராது.

3. முந்தின நாளே மேலே போய்விடுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து அதிகாலையில் கிளம்பிப் பனியைப் பிடித்துவிடலாம் என்ற கணக்கு பலிக்காது. மூன்று மணி நேர மலைப்பாதை, இருட்டு, மூடுபனி. நீங்கள் வந்து சேரும்போது வெயில் ஏறிப் புல் சொட்டிக்கொண்டிருக்கும். முந்தின நாள் மதியத்துக்குள் ஊட்டியில் இருங்கள்.

நீலகிரிப் பதிவு எண் இல்லாத கார் என்றால் இ-பாஸ் எடுத்துவிட்டுத்தான் மலையேற வேண்டும். அரசுப் பேருந்துக்கு அது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை உண்டு, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஓவியர்களுக்கு இது தனிப் பிரச்சினை. பிரஷ் கழுவுகிற தண்ணீரைப் பழைய கோலா பாட்டிலில் கொண்டுவருவது பலருடைய பழக்கம். இரண்டு எவர்சில்வர் பாட்டில்கள் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒன்று குடிக்க, ஒன்று வரைய. இரண்டிலும் வெவ்வேறு நிறத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் மாறிப்போகும்.

அறை எடுக்கும்போது ஒரு மேசை, ஒரு நல்ல விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள், மாலையில் தேவைப்படும். வரவேற்பில் இருப்பவரிடம் மூன்று விஷயம் அன்று இரவே பேசி முடிக்க வேண்டும். வாசல் கேட்டை ஐந்தரைக்குத் திறந்துவிட ஆள் இருப்பாரா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? பிளாஸ்க்கில் கொதிநீர் யார் தருவார்கள்? நிறைய விடுதிகளில் சமையலறை அந்த நேரத்தில் திறந்திருக்காது. இரவே நிரப்பி வைத்துவிடுவது நல்லது. நல்ல பிளாஸ்க் என்றால் காலையில் நமக்கு வேண்டிய சூடு மிச்சம் இருக்கும்.

சாயங்காலம் அந்த இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஜனவரியில் சூரியன் நேர்க்கிழக்கில் உதிக்காது, ஏறக்குறைய 20 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். போனில் உள்ள திசைகாட்டியை வைத்து அந்தப் பக்கம் மலை இருக்கிறதா, யூகலிப்டஸ் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். மலை மறைத்தால் வெயில் தாமதமாக வரும், பனியும் கூடுதல் நேரம் நிற்கும். வரைகிறவருக்கு அது லாபம். நண்பர் உட்காரப்போகும் இடத்தை அவரே அப்போது முடிவு செய்யட்டும். வனத்துறைப் பலகை இருக்கும் புல்வெளிக்குள்ளும் சோலைக்குள்ளும் இறங்க வேண்டாம், சாலையோரமோ பொது இடமோ போதும். காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே வந்து மேய்கிற இடம் இது. இருட்டில் அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுவிடக் கூடாது.

படுக்கப்போகுமுன் வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் கூர்மையாகத் தெரிந்து, மரத்தில் இலை அசையாமல் இருந்தால் அலாரம் வைக்கலாம்.

4. உங்கள் பையில் இருக்க வேண்டியவை

நண்பரின் பையை அவர் பார்த்துக்கொள்வார். அதில் கை வைக்காதீர்கள். பிரஷ்களை அவர் அடுக்கியிருக்கும் முறைக்கு ஒரு காரணம் இருக்கும். உங்கள் பை வேறு.

பிளாஸ்க் இரண்டு. ஒன்றில் கொதிநீர், ஒன்றில் டீ. வெந்நீர் குடிப்பதற்கு மட்டும் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் கேக் வண்ணங்கள் (காய்ந்த கட்டியாக வரும் வாட்டர்கலர்) எளிதில் கரையாது, வெதுவெதுப்பாக இருந்தால் பிரஷ் பட்டவுடன் இளகும். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. பிரஷ் மயிரைப் பிடித்திருக்கும் பசை விட்டுப்போகும். விரல் விட்டால் பொறுக்கிற சூடு, அவ்வளவுதான்.

விரல் நுனி இல்லாத கையுறை ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துவையுங்கள். ஓவியர்கள் இதை மறப்பார்கள், அல்லது முழுக் கையுறை கொண்டுவந்து பிரஷ் பிடிக்க முடியாமல் கழற்றிவிடுவார்கள். அப்புறம் ஒரு தடிமனான அட்டை அல்லது ரப்பர் பாய், ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் காலுக்குக் கீழே போட. குளிர் பாதத்திலிருந்துதான் ஏறும். மேலே மூன்று ஸ்வெட்டர் போட்டிருந்தாலும் ஈரப் புல்லில் பாதம் வைத்தால் அரை மணியில் கை நடுங்கும், கோடு நடுங்கும்.

பருத்தித் துணி இரண்டு, நான்கு இரும்புக் கிளிப், தலையில் மாட்டும் டார்ச். கிளிப் எதற்கென்றால், காகிதத்தைப் பலகையில் ஒட்டுகிற டேப் குளிரில், அதிலும் பனி படிந்த பலகையில், சரியாகப் பிடிக்காது. ஒரு மூலை எழும்பினால் காகிதம் நெளியும், வண்ணம் பள்ளத்தில் தேங்கும். டேப்பை அறையிலேயே ஒட்டிக்கொண்டு கிளம்புவது இன்னும் நல்லது.

உங்கள் உடையின் நிறமும் முக்கியம். பளிச்சென்ற சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காகிதத்துக்கு அருகில் நின்றால், வெயில் உங்கள் மேல் பட்டு அந்தச் சிவப்பு காகிதத்தில் விழும். நண்பர் கலக்கும் நீலம் அவர் கண்ணுக்கு வேறாகத் தெரியும், அறைக்கு வந்து பார்த்தால் தப்பாக இருக்கும். சாம்பல், பழுப்பு, கறுப்பு, இதில் ஏதாவது ஒன்று. பலருக்கு இது அலட்டலாகத் தோன்றும், தோன்றட்டும்.

5. விடியலில் வரிசை

ஜனவரியில் அங்கே சூரிய உதயம் ஆறே முக்காலை ஒட்டி. ஆறு மணிக்கு இடத்தில் இருங்கள். இடையில் இருக்கும் முக்கால் மணி நேரம் வீண் இல்லை, அன்றைய வேலையில் பாதி அதில்தான்.

காரில் போனால் முன்கண்ணாடியில் பனி உறைந்திருக்கும். அவசரத்தில் பிளாஸ்க் வெந்நீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடலாம். வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சூடு வைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் சுரண்டுங்கள். இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கிக் கிளம்புங்கள்.

இடத்துக்குப் போனதும் நண்பருக்கும் காட்சிக்கும் இடையில் உள்ள புல்லில் கால் வைக்காதீர்கள். போனில் படம் எடுக்க நாலு அடி முன்னால் போவீர்கள், அந்தத் தடம்தான் அவர் படத்தின் முன்புறம். எப்போதும் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

ஸ்டூல், பாய், தண்ணீர்க் கிண்ணம், பலகை என்ற வரிசையில் வையுங்கள். பலகையை வைத்துவிட்டுப் பாயைத் தேடினால் பலகையின் மேல் பனி இறங்கிவிடும். தண்ணீரைக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றி அடிக்கடி மாற்றுவது உங்கள் வேலை. ஒரேயடியாக நிறைய ஊற்றினால் பத்து நிமிடத்தில் எல்லாம் ஆறிப்போகும்.

வெயில் வருமுன் புல் வெளுத்த சாம்பல் நிறத்தில் இருக்கும். நண்பர் அப்போது பென்சிலில் வடிவங்களை மட்டும் போடுவார். அவர் கேட்காமலே, அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வெயில் வந்த உடனே இன்னொன்று. முதல் வெயிலில் நிழல்கள் நீளமாக இருக்கும், நிமிடத்துக்கு நிமிடம் குறையும். எந்த நிழலை நம்பி ஆரம்பித்தார் என்பதற்கு அந்த இரண்டாவது படம் ஆதாரம். எடுத்ததும் போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சரசரவென்று இறங்கும்.

வெயில் நேராகப் பட்ட இடத்தில் பனி அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் போய்விடும். நிழலில் உள்ளது மட்டும் இன்னும் நிற்கும். நண்பரின் அவசரம் இதனால்தான். முகம் கடுகடுவென்று இருந்தால் உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

6. காகிதம் ஈரமாக இருக்கும்போது

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாதவைதான் அதிகம்.

பேசாதீர்கள். வாட்டர்கலரில் வானத்தையோ புல்வெளியையோ ஒரே வீச்சில் பூசுவதை வாஷ் என்பார்கள். மேலிருந்து கீழே ஈரத்தின் விளிம்பு காய்வதற்குள் அடுத்த வீச்சு வந்து அதைத் தொட வேண்டும். நடுவில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் விளிம்பு இறுகிக் கோடு விழும். "டீ ஊத்தட்டுமா?" என்ற ஒரு கேள்விக்கு வானத்தின் நடுவில் ஒரு கோடு விலையாகப் போகும். அவர் பிரஷைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு முதுகை நிமிர்த்தும்வரை பொறுங்கள்.

காகிதத்தின் மேல் குனிந்து பார்க்காதீர்கள். உங்கள் நிழல் விழும், குல்லாவிலிருந்து ஒரு சொட்டு விழும். பாதி காய்ந்த வாஷில் ஒரு துளி நீர் விழுந்தால் அது வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி ஓரம் கருத்த பூ மாதிரி விரியும். அதைத் துடைக்க முடியாது, துடைத்தால் இன்னும் மோசம்.

"பனியை எப்போ போடுவீங்க?" என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே போட்டாயிற்று. வாட்டர்கலரில் பெரும்பாலும் வெள்ளை பூசுவதில்லை, காகிதத்தின் வெள்ளையை விட்டுவைப்பதுதான் பனி. சுற்றியுள்ள நிழல்கள் வந்த பிறகே உங்கள் கண்ணுக்கு அது பனியாகத் தெரியும். நிழலில் அவர் நீலம் பூசுவதைப் பார்த்துத் திகைக்கவும் வேண்டாம். நிழலில் உள்ள பனிக்கு நேர் வெயில் கிடையாது, நீல வானத்தின் வெளிச்சம் மட்டும்தான் படுகிறது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் உங்களுக்கும் நீலமாகவே தெரியும்.

குளிர் கடுமையாக இருந்தால் வாஷே உறையும். காகிதத்தில் பெரணி இலை போல ஊசி ஊசியாகக் கோலம் படரும். சில ஓவியர்கள் இதற்காகவே காத்திருப்பார்கள், சிலருக்கு இது நாசம். உங்கள் நண்பர் எந்த வகை என்று தெரியாமல் கூச்சல் போடாதீர்கள். உறைவதைத் தள்ளிப்போட, கழுவும் தண்ணீரில் கொஞ்சம் ஓட்கா கலந்துகொள்ளும் ஓவியர்கள் உண்டு. ஆல்கஹால் கலந்த தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் உடனே உறையாது. அதிகம் கலந்தால் வண்ணம் விலகி வட்டம் வட்டமாகப் பிரியும் என்பதால் அளவை அவரே பார்த்துக்கொள்ளட்டும். அந்த பாட்டிலைத் தண்ணீர் பாட்டில்களோடு சேர்த்து வைக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

கடைசியாக, காகிதத்தைக் காரின் ஹீட்டர் முன்னால் பிடிக்கும் யோசனை. எல்லோருக்கும் வரும். சூடு ஒரு பக்கமாக அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் முதலில் காயும், ஈரம் மறுபக்கமிருந்து அங்கே ஊர்ந்து வந்து கறை போடும். மெதுவாகக் காய்வதில் நன்மையும் உண்டு. அல்ட்ராமரீன் போன்ற நீலங்களின் துகள்கள் காகிதக் குழிகளில் நிதானமாக இறங்கி மணல் மணலாகப் படியும். குளிர்காலப் படங்களின் அந்தச் சொரசொரப்பான நிழல் அப்படி வருவதுதான். பலகையைச் சமமாக வைத்து, எச்சில் தெறிக்காத தூரத்தில் விட்டுவிடுங்கள்.

7. காயும் நேரம்

சரி, இது உங்கள் நேரம். கீழே சமவெளியில் பத்து நிமிடத்தில் காய்கிற வாஷ், இங்கே விடியலில் அரை மணிக்கு மேலும் ஈரமாக இருக்கும். நண்பர் எழுந்திருக்க வேண்டும், நடக்க வேண்டும். விட்டால் ஸ்டூலிலேயே உட்கார்ந்து காகிதத்தை முறைத்துக்கொண்டிருப்பார், கை நிற்காமல் காயாத இடத்தில் பிரஷை வைப்பார். படங்கள் கெடுவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான். அவரை அங்கிருந்து கிளப்புவதைவிடப் பெரிய உதவி நீங்கள் செய்ய முடியாது. "வாங்க, அந்த வளைவு வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்று சொல்லுங்கள். படத்துக்குக் காவல் வேண்டுமென்றால் கண்ணில் படும் தூரத்துக்குள் நடங்கள்.

தின்பதற்கு வர்க்கி வாங்கி வைத்திருப்பீர்கள். தின்னலாம், ஆனால் படத்துக்கு அருகில் வேண்டாம். அதில் உள்ள கொழுப்பு விரலில் ஒட்டும், விரல் காகிதத்தில் பட்டால் அந்த இடத்தில் வண்ணம் ஏறாது, பொட்டுப் பொட்டாக விலகி நிற்கும். பஜ்ஜிக்கும் இதே விதி. ஈரத் துணியில் துடைத்தால் எண்ணெய் முழுசாகப் போகாது. கை கழுவ வழி இல்லாத இடத்தில் வாழைப்பழம், பேரீச்சம்பழம், வேகவைத்த கடலை போதும்.

நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில் வைத்துக்கொண்டு எதிரே உள்ளதை மூன்றே சாயலாகப் பிரித்துப் பாருங்கள்: வெள்ளை, நடுத்தரம், கறுப்பு. வீடு, மரம் என்று வரையத் தேவையில்லை, எது எந்தச் சாயல் என்று கட்டம் கட்டமாக நிரப்பினால் போதும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் எளிது. இதைச் செய்த பிறகு நண்பர் ஏன் ஒரு மரத்தை விட்டுவிட்டார், இன்னொன்றை ஏன் கறுப்பாக்கினார் என்பது தானாகவே புரியும். உங்கள் கேள்விகளும் அப்புறம் நல்ல கேள்விகளாக இருக்கும்.

8. வெயிலில் இரண்டாவது படம்

ஒன்பதரை, பத்து மணிக்கு வேறு இடம். வெயில் இதமாகத் தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள், 2,200 மீட்டர் உயரத்தில் வெயில் குளிருக்குள் இருந்தபடியே தோலைச் சுடும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் இப்போதுதான் தேவை.

நேர் வெயிலில் வெள்ளைக் காகிதம் கண்ணைப் பறிக்கும். அந்தப் பளீர் வெளிச்சத்தில் வண்ணம் எல்லாம் வெளிறித் தெரியும், அதனால் அடர்த்தியாகப் பூசிவிடுவார்கள். அறையில் பார்த்தால் படம் இருண்டு இருக்கும். காகிதம் நிழலில் இருக்க வேண்டும். குடை பிடிக்கப்போவது நீங்கள் என்றால் கறுப்பு அல்லது வெள்ளைக் குடை மட்டும். பச்சைக் குடைக்குக் கீழே காகிதம் பச்சையாகும். ஊட்டிக் கடைத்தெருவில் தொங்கும் கலர் குடைகள் எதுவும் இதற்கு உதவாது.

இடத்தைப் பொறுத்தவரை ரயில் நிலையம் பலருக்கு ஆசை. நீராவி எஞ்சினை வரையலாம் என்று வந்து ஏமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குன்னூரிலிருந்து ஊட்டி வரை இழுப்பது டீசல் எஞ்சின். நீராவி எஞ்சின் ஓடுவது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள பல்சக்கரப் பகுதியில்தான். புகையை வரைய வேண்டும் என்றால் இரண்டாவது இடத்தைக் குன்னூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிப் போகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

இப்போது கூட்டம் சேரும். கூட்டத்தைக் கையாள்வது முழுக்க உங்கள் வேலை. நண்பருக்கு ஓரடி பின்னால், பக்கவாட்டில் நில்லுங்கள், வருகிறவர்கள் முதலில் உங்களிடம் பேசுவார்கள். "என் முகத்தை வரைவாங்களா?", "ஒரு படம் எவ்வளவு சார்?", "இதுக்கு போட்டோவே எடுத்துரலாமே" மூன்றும் கட்டாயம் வரும். சிரித்த முகத்தோடு "முடிச்சதும் கேளுங்க அண்ணா" என்றால் முக்கால்வாசிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். குழந்தைகளை விரட்டாதீர்கள். உங்கள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பென்சிலோடு கொடுங்கள், அமைதியாக உட்கார்ந்துவிடும்.

9. மதியம்

சூடான சாப்பாடு, ஒரு மணி நேரம் முதுகைச் சாய்ப்பது. இதை வெட்டினால் மாலைப் படம் வராது. காலைப் படத்தை மேசையில் வைத்துச் சாப்பிடாதீர்கள், ரசம் தெறிக்கும்.

10. மாலை

ஊர் கணக்குப்படி சூரியன் மறைவது ஆறேகாலை ஒட்டி. ஆனால் பள்ளத்தில் இருக்கிறீர்கள் என்றால் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மலை நிழல் விழுந்துவிடும். நான்கு மணிக்கு மேல் பெரிய காகிதத்தை எடுக்க விடாதீர்கள். உள்ளங்கை அளவில் ஒன்று, ஒரே வாஷ், நாலைந்து அழுத்தமான கோடு. பெரிதாக ஆரம்பித்தால் முதல் வாஷ் காயுமுன் மூடுபனி இறங்கும். மூடுபனியில் எதுவுமே காயாது, காற்றில் இருக்கும் ஈரமே காகிதத்தில் ஏறும்.

அந்தப் படம் ஈரமாகவே கட்ட வேண்டி வந்தால் தட்டையாக, மேலே எதுவும் படாமல், காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவாருங்கள். செய்தித்தாள் சுற்றாதீர்கள், அச்சு மை ஒட்டிக்கொள்ளும்.

11. அறையில், இரவு

டேப்பைப் பிரிக்கும் அவசரம்தான் கடைசி ஆபத்து. காகிதம் காய்ந்ததா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பது வழக்கம்: ஜில்லென்று இருந்தால் ஈரம். ஊட்டியில் இந்தச் சோதனை ஏமாற்றும், ஏனென்றால் காய்ந்த காகிதமும் ஜில்லென்றுதான் இருக்கும். அதே வகைக் காகிதத்தில் வெற்றுத்தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறித் தொடுங்கள். படம் அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பளபளப்பு இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

ஹேர் டிரையர் இருந்தால் இப்போது பயன்படுத்தலாம், வெளியில் காரில் செய்யக் கூடாது என்று சொன்னது இங்கே பொருந்தாது. ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டேப்பைப் படத்திலிருந்து வெளிப்பக்கமாக, தாழ்வான கோணத்தில், மெதுவாக இழுக்க வேண்டும். காகிதம் உரிந்தால் நிறுத்தி, மறுமுனையிலிருந்து ஆரம்பியுங்கள்.

அறையைச் சூடாக்கக் கரி அடுப்பு கொண்டுவரச் சொல்லாதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலை ஊர்களில் குளிர்காலத்தில் இப்படி இறந்தவர்கள் உண்டு. கூடுதல் கம்பளி கேளுங்கள்.

படங்களைச் சுவரோரம் வரிசையாக வைத்துப் பார்ப்பீர்கள். "சூப்பர்" என்றோ "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்றோ சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவதைப் பல ஓவியர்கள் திட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். எந்த இடத்தில் உங்கள் கண் முதலில் போகிறது, அடுத்து எங்கே போகிறது என்று சொல்லுங்கள். அது அவருக்குத் தானாகத் தெரியாத தகவல், கூட வந்தவரால் மட்டும் தர முடிவது. கெட்டுப்போன படத்தைப் பற்றி அன்று பேச வேண்டாம், கிழிக்கப் போனால் மட்டும் தடுங்கள். பின்பக்கம் இன்னொரு படத்துக்கு ஆகும், பருத்திக் காகிதம் விலை அதிகம்.

படம் பிடித்திருந்தால் பரிசாகக் கேட்காதீர்கள். விலைக்கு வேண்டும் என்றால் ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். உங்களோடு வந்த நாள் என்பதால் அன்று அவரால் விலை சொல்ல முடியாது.

12. இறங்குமுன்

காய்ந்த படங்களுக்கு இடையில் பட்டர் பேப்பர் வைத்து இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே கிளிப் போடுங்கள். வளைவுப் பாதையில் டிக்கியில் எல்லாம் உருளும், எனவே அட்டை சீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக, துணிப்பைகளுக்கு நடுவே இருக்கட்டும். கழுவிய வண்ணத் தண்ணீரை ஓடையிலோ புல்லிலோ கொட்டாமல் பாட்டிலிலேயே எடுத்துவந்து அறையின் கழிவறையில் ஊற்றுங்கள், சில நிறமிகளில் காட்மியம், கோபால்ட் உண்டு. பிரஷ்களை ஈரமாக மூடிய டப்பாவில் போட்டிருக்கிறாரா என்று மட்டும் ஒருமுறை கேளுங்கள். கீழே மேட்டுப்பாளையம் வெக்கையில் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும், துணியில் சுருட்டினால் போதும்.